‘வேண்டும்’ என்பதற்கு மஸ்ட்டா, ஹேவ் டுவா, ஷுட்டா?

‘யூ மஸ்ட் அப்ரூவ் த லேப் டிப் பிஃபோர் ஃப்ரைடே.’

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்த முதல் வருடம், வெளிநாட்டு பையர் ஒருவருக்கு நான் மெயிலில் எழுதிய வரி இது. லேப் டிப் என்பது, மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்றுவதற்கு முன் நிறம் பார்க்க அனுப்பும் சின்னத் துண்டு. அதற்கு அவர் சரி சொன்னால்தான் துணி சாயப்பட்டறைக்குப் போகும். வெள்ளிக்கிழமை தாண்டினால் கப்பல் தேதி கை நழுவிவிடும். ‘வெள்ளிக்கிழமைக்குள்ள அவர் அப்ரூவ் பண்ணணும்’ என்று மனசுக்குள் தமிழில் ஓடியது. கண்டிப்பாகப் பண்ணணும் என்றால் மஸ்ட் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். எழுதி அனுப்பிவிட்டேன்.

பையர் ஒன்றும் சொல்லவில்லை. மெயில் காப்பி போயிருந்த எங்கள் மேலாளர்தான் கூப்பிட்டார். “ஏனுங்க தம்பி, துணி வாங்கறது அவரு. அவருக்கே நீங்க ஆர்டர் போடறீங்களா?” என்றார். இலக்கணம் சரிதானே என்று இழுத்தேன். “இலக்கணம் சரிதானுங்க. படிச்சா எங்க ஹெட்மாஸ்டர் ஞாபகம் வருது, அவ்வளவுதான்” என்றார். அப்புறம் அவரே உட்கார்ந்து ஒரு வரி தட்டினார்: ‘வீ வில் நீட் யுவர் அப்ரூவல் பை ஃப்ரைடே டு கீப் த ஷிப்மென்ட் டேட்.’ அதே வெள்ளிக்கிழமைதான், அதே கட்டாயம்தான். ஆனால் இதில் யாரும் யாரையும் விரட்டவில்லை; கப்பல் தேதிதான் விரட்டுகிறது. (இன்னொன்றையும் அவர் போகிறபோக்கில் திருத்திவிட்டார். பிஃபோர் ஃப்ரைடே என்றால் வியாழனோடு கெடு முடிந்தது. ‘வெள்ளிக்கிழமைக்குள்ள’ என்பதற்கு பை ஃப்ரைடேதான்.)

அதற்கப்புறம் இத்தனை வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது மெயில் எழுதுகிறேன். ‘வேண்டும்’ வராத மெயில் அநேகமாக இல்லை. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் தட்டும் எல்லோருக்கும் இந்த இடத்தில் விரல் ஒரு நொடி நிற்கும். நமக்கு ஒரே வேண்டும். அங்கே மஸ்ட், ஹேவ் டு, ஷுட் என்று மூன்று கதவு. ஓரமாக நீட் டு என்று ஒரு சின்னக் கதவும் இருக்கிறது. எதைத் திறப்பது?

பள்ளியில் சொல்லிக்கொடுத்த வாய்பாடு இப்படி: ஷுட் என்றால் வேண்டும், மஸ்ட் என்றால் கண்டிப்பாக வேண்டும், ஹேவ் டு என்றால் வேண்டியுள்ளது. ஒரே மருந்தின் மூன்று டோஸ் மாதிரி. ஷுட்டையும் மஸ்ட்டையும் பொறுத்தவரை அது பாதி உண்மை. ஷுட் கொஞ்சம் தளர்வு, மஸ்ட் இறுக்கம். ஆனால் மஸ்ட்டுக்கும் ஹேவ் டுவுக்கும் நடுவே அழுத்தத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டும் கட்டாயம்தான். அந்தக் கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

யார் சொல்லி?

‘ஐ மஸ்ட் கால் மை மதர்’ என்று ஒருவர் சொல்கிறார். ‘ஐ ஹேவ் டு கால் மை மதர்’ என்று இன்னொருவர். முதல் ஆளுக்கு மனசாட்சி உறுத்துகிறது. பேசி ரொம்ப நாளாகிவிட்டது, இன்றைக்குப் பேசியே தீருவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். இரண்டாவது ஆளுக்கு அம்மாவிடமிருந்து நாலு மிஸ்டு கால் வந்திருக்கிறது. மஸ்ட் என்றால் பேசுகிறவரின் குரலிலேயே கட்டாயம் பிறக்கிறது. ஹேவ் டு என்றால் அது வெளியே இருக்கிறது: ஒரு விதி, ஒரு தேதி, ஒரு ஆள், ஒரு சூழ்நிலை. பேசுகிறவர் அதைத் தெரிவிக்கிறார், அவ்வளவுதான்.

ஷுட் இன்னொரு ஜாதி. இதுதான் சரி, இப்படிச் செய்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம். செய்வதும் விடுவதும் உன் இஷ்டம். கதவு திறந்தே இருக்கிறது. ‘ஐ ஷுட் கால் மை மதர்’ என்று சொல்பவர் பெரும்பாலும் அன்றைக்குக் கூப்பிடமாட்டார்.

இதெல்லாம் ஆங்கிலேயனுக்கே உரிய நுணுக்கம், நமக்கு எப்படிப் பிடிபடும் என்று நானும் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் இவை எல்லாமே தமிழில் இருக்கின்றன. ‘வேண்டும்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இல்லை, அதன் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. ‘அம்மாவுக்கு ஃபோன் பண்ண வேண்டியிருக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பெருமூச்சு ஒட்டிக்கொண்டு வரும். அது ஹேவ் டு. ‘இன்னைக்குப் பண்ணியே ஆகணும்’ என்றால் மஸ்ட். ‘பண்ணினா நல்லது’, ‘பண்ணினா தேவலை’ என்றால் ஷுட். வெறும் ‘பண்ணணும்’ என்பது இந்த மூன்றுக்கும் பொதுவான குடை. கோளாறு எங்கே வருகிறது என்றால், அந்தக் குடையை விரித்துக்கொண்டே நாம் ஆங்கிலத்துக்குள் நுழைகிறோம்.

அதனால் நான் செய்வது இது. ஆங்கிலத்தில் எதைப் போடுவது என்று யோசிப்பதற்கு முன்னால் தமிழ் வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லிப் பார்ப்பேன். ‘அவர் அப்ரூவ் பண்ணணும்’ என்பதை எப்படி விரிக்கலாம்? பண்ணியே ஆகணும் என்று அவரிடம் சொல்லும் இடத்தில் நான் இல்லை. பண்ணினா நல்லது என்றால் பொய். பண்ணாவிட்டால் கப்பல் போய்விடும். அப்படியானால் ‘அவர் அப்ரூவல் நமக்குத் தேவைப்படுது’. நீட் வந்துவிட்டது. மேலாளர் போட்டதும் அதுதானே.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அமெரிக்கர்கள் பேசும்போது இந்தப் பாகுபாட்டைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. எல்லாவற்றுக்கும் ஹேவ் டுதான், அதுவும் வாய்க்குள்ளே ‘ஹாஃப்டா’ என்று கரைந்து போகும். பிரிட்டன்காரர்கள் ‘ஹேவ் காட் டு’ என்பார்கள். ஆகவே எங்காவது மஸ்ட்டுக்குப் பதில் ஹேவ் டு போட்டால் குடி முழுகிப்போகாது. தலைகீழாகப் போட்டால்தான் ஆபத்து: ஹேவ் டு போதுமான இடத்தில் மஸ்ட்டைப் போட்டால், விதியின் குரல் உங்கள் குரலாகிவிடும்.

மஸ்ட்டின் செல்வாக்கு குறைந்துகொண்டே வருகிறது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. ஜெஃப்ரி லீச் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர், அச்சில் வந்த ஆங்கிலத்தின் தொகுப்புகளை வைத்து எண்ணிப் பார்த்தார். 1961-இல் வெளியானவை பத்து லட்சம் சொல், 1991-ஐ ஒட்டி வெளியானவை பத்து லட்சம் சொல். இந்த முப்பது வருடத்தில் பிரிட்டிஷ் எழுத்தில் மஸ்ட் சுமார் 29 சதவீதம் குறைந்திருந்தது. அமெரிக்க எழுத்தில் இன்னும் மோசம், சுமார் 34 சதவீதம். நீட் டு அதே காலத்தில் விறுவிறுவென்று ஏறியிருக்கிறது. அதிகாரத்தை அப்பட்டமாகக் காட்டிக்கொள்ள மக்கள் கூச்சப்பட ஆரம்பித்ததே காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது நம்பக்கூடியதாகவே படுகிறது. ‘யூ மஸ்ட் டூ இட்’ என்றால் நான் சொல்கிறேன், நீ செய். ‘யூ நீட் டு டூ இட்’ என்றால் உன் நன்மைக்குத்தானப்பா. உள்ளே இருப்பது அதே கட்டளைதான், வேறு சட்டை. அதனால் நீட் டுவையும் முழுக்க நம்பிவிட முடியாது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் ‘யூ நீட் டு’ என்று தொடங்கினால் குழந்தைக்குச் சொல்வது போல எரிச்சலாக இருக்கும். நான் யூவை விட்டுவிட்டு வீயில் தொடங்குவேன். ‘வீ நீட்’ என்றால் எரிச்சல் பாதி போய்விடும்.

நம்மூர் ஷுட்

தமிழ்நாட்டில் ஆங்கிலம் பேசும் நம்மிடம் மஸ்ட்டை விடப் பெரிய வியாதி ஷுட். ‘டுமாரோ ஐ ஷுட் கோ டு பேங்க்’ என்று சொல்லாத ஆள் உண்டா? நாளைக்கு பேங்குக்குப் போகணும், செக் போடணும், போயாக வேண்டிய வேலை. அதை ஷுட் என்று சொன்னால் கேட்கும் வெளிநாட்டுக்காரருக்கு, போனால் நல்லது, பார்க்கலாம் என்கிற தொனிதான் விழும். அங்கே இருக்க வேண்டியது ஹேவ் டு.

இது சும்மா நயம் பார்க்கும் விஷயம் இல்லை. தரம் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டு இன்ஸ்பெக்டரைச் சாயப்பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது வாசலில் சூப்பர்வைசர் சொன்னார்: ‘சார், யூ ஷுட் வேர் ஷூஸ் இன்சைட்.’ செருப்போடு வந்திருந்த அவர் சிரித்துக்கொண்டே ‘ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ’ என்று உள்ளே நடந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் காதில் விழுந்தது ஓர் அறிவுரை. ஈரத் தரை, கொதிக்கும் சாயத் தண்ணீர் வழிகிற வாய்க்கால். சூப்பர்வைசர் மனசில் இருந்தது விதி. நான் ஓடிப்போய் ‘யூ ஹேவ் டு, சார், இட் இஸ் த ரூல்’ என்றதும் உடனே நின்றார். மஸ்ட் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் விருந்தாளியிடம் விதியைக் காட்டும்போது, கையை விதியின் பக்கம் நீட்டிவிட்டு நாம் தள்ளி நின்றுகொள்வதுதான் மரியாதை. ஹேவ் டு அந்த வேலையைச் செய்கிறது.

வேண்டாம் என்கிறபோது

நேர்மறையில் மஸ்ட்டும் ஹேவ் டுவும் அண்ணன் தம்பி. எதிர்மறையில் எதிரெதிர்த் திசைக்குப் போய்விடுகின்றன. மூன்றையும் எடைபோட்டுப் பார்க்கையில் உண்மையிலேயே நஷ்டம் வரக்கூடிய இடம் இதுதான்.

‘யூ மஸ்ன்ட் ஓப்பன் த பாக்ஸ்’ என்றால் பெட்டியைத் திறக்கக் கூடாது. ‘யூ டோன்ட் ஹேவ் டு ஓப்பன் த பாக்ஸ்’ என்றால் திறக்க வேண்டியதில்லை; திறந்தாலும் சரி, விட்டாலும் சரி. (மஸ்ன்ட் என்பதில் நடுவில் இருக்கும் ‘ட்’ ஒலிக்காது. நம்மில் பலர் அதையும் அழுத்திச் சொல்லி மூச்சு வாங்குகிறோம்.) இந்த வித்தியாசத்தை விளக்கப் பிற நாட்டு மாணவர்களுக்கு ஆங்கில ஆசிரியர்கள் படாதபாடு படுகிறார்கள். நமக்கு அந்தச் சிரமமே கிடையாது. கூடாது, வேண்டியதில்லை என்று இரண்டு தனித்தனிச் சொல் கையில் இருக்கிறது. ஒருவரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. மாத்திரைக் கடையில் ‘வெறும் வயித்துல போடக் கூடாதுங்க’ என்பதற்கும் ‘சாப்பிட்டுட்டுத்தான் போடணும்னு இல்லைங்க’ என்பதற்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரியும். கூடாது என்றால் மஸ்ன்ட். வேண்டியதில்லை, தேவையில்லை, ‘-ணும்னு இல்லை’ இவையெல்லாம் டோன்ட் ஹேவ் டு, அல்லது நீடன்ட்.

ஆனால் நமக்கென்று ஒரு வலை காத்திருக்கிறது: வேண்டாம். ‘நீங்க வர வேண்டாம்’ என்றால் என்ன? சிரமப்பட்டு வரத் தேவையில்லை என்று அன்பாகவும் இருக்கலாம். வந்துவிடாதே என்று தடையாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்தால் தெரியும், மெயிலில் முகம் இல்லை. உற்பத்திப் பகுதியிலிருந்து ஒருநாள் தகவல் வந்தது: ‘அந்த ஸ்டைலுக்குப் பாலிபேக்ல ஓட்டை போட வேண்டாம்னு சொல்லிடுங்க.’ பாலிபேக் என்பது துணியை மடித்துப் போடும் பிளாஸ்டிக் பை. ஓட்டை தேவையில்லையா, போடவே கூடாதா? நான் திரும்பக் கேட்டேன். “போட்டா பையர் ரிஜெக்ட் பண்ணிடுவானுங்க” என்றார்கள். அப்படியானால் மஸ்ன்ட். கேட்காமல் டோன்ட் ஹேவ் டு என்று பேக்கிங் யூனிட்டுக்கு எழுதியிருந்தால், ஏற்கெனவே ஓட்டை போட்டு வைத்திருந்த பைகளை அவர்கள் தீர்த்திருப்பார்கள். தேவையில்லை என்றுதானே சொன்னீர்கள், கூடாது என்று சொல்லவில்லையே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஷுடன்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செய்யாமல் இருந்தால் நல்லது. அவ்வளவுதான்.

வந்திருக்கணும்

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கணக்குப் பிரிவிலிருந்து போனில் ஒரு வாக்கியம்: ‘பணம் நேத்தே வந்திருக்கணுங்க.’ புதிதாகச் சேர்ந்திருந்த பையன் அதை அப்படியே பையருக்கு மெயிலாக்கினான்: ‘யுவர் பேமென்ட் மஸ்ட் ஹேவ் கம் யெஸ்டர்டே.’

பையர் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டார். இருக்கமாட்டாரா? மஸ்ட் ஹேவ் கம் என்றால், கட்டாயம் வந்து சேர்ந்திருக்கும், எங்களுக்குச் சந்தேகமே இல்லை என்று பொருள். கணக்குப் பிரிவு சொன்னதோ நேரெதிர்: நேற்றே வந்திருக்க வேண்டிய பணம், இன்னும் வரவில்லை. அதற்கு ஷுட் ஹேவ் கம். ஒரே ஒரு சொல் மாறியதில் இரண்டு நாள் ஒருவரும் வங்கியைக் கூப்பிடவில்லை.

பையனைத் திட்ட முடியவில்லை. ‘வந்திருக்கணும்’ என்ற தமிழ்ச் சொல் இரண்டுக்கும் ஈடுகொடுக்கிறது. ‘பஸ் இந்நேரம் ஊருக்கு வந்திருக்கணும்’ என்றால் ஊகம். ‘நீ நேத்தே வந்திருக்கணும்’ என்றால் குறை. நாம் அதைப் பிரித்துப் புரிந்துகொள்வது சூழலை வைத்து, குரலை வைத்து, கடைசியில் தொங்கும் ஓர் ஏகாரத்தை வைத்து. ‘வந்திருக்கணுமே!’ என்றால் வரவில்லை என்று அர்த்தம். ஊகத்தை மட்டும் சொல்ல வேண்டுமானால் தமிழில் இன்னும் இயல்பான வழி ‘வந்திருக்கும்’ என்பதுதான். அதனால் இங்கேயும் அதே வேலையைத்தான் செய்கிறேன்: வந்திருக்கும் என்று மாற்றிச் சொன்னால் பொருள் கெடாமல் நிற்கிறதா? நின்றால் மஸ்ட் ஹேவ். ‘வந்திருக்கணுமே’ என்று நீட்டத் தோன்றுகிறதா? ஷுட் ஹேவ். ‘வர வேண்டியதாப் போச்சு’ என்றால் இரண்டுமே இல்லை, ஹேட் டு.

ஹேட் டு ஏன் தேவைப்படுகிறது? மஸ்ட்டுக்கு இறந்தகாலம் கிடையாது. நேற்று நான் சென்னைக்குப் போயாக வேண்டியிருந்தது என்பதை மஸ்ட்டை வைத்துச் சொல்லவே முடியாது. ஹேவ் டுவைக் கடன் வாங்கி ‘ஐ ஹேட் டு கோ’ என்றுதான் சொல்ல முடியும். இதில் வேடிக்கை என்னவென்றால், மஸ்ட்டே ஓர் இறந்தகால வடிவம்தான். பழைய ஆங்கிலத்தில் மோட்டன் என்றொரு வினை இருந்தது. செய்யலாம், அனுமதி உண்டு என்பது அதன் முக்கியப் பொருள். அதன் இறந்தகாலம் மோஸ்டே. அந்த மோஸ்டேதான் தேய்ந்து, இறந்தகால வாசனையெல்லாம் போய், இன்றைய மஸ்ட் ஆகியிருக்கிறது. செய்யலாம் என்ற சொல் செய்தே ஆகணும் என்று மாறியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. முதலாளி அறைக்குள் ‘சரி, நீங்க போகலாம்’ என்று கேட்ட பிறகு நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறவர் எவர்?

ஷுட்டின் பூர்வீகமும் இதே கதைதான். ஷல்லின் இறந்தகாலம் அது. ஷல்லுக்குப் பழைய பொருள் கடன்பட்டிருத்தல். ‘ஆட் டு’ என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் கடன்படுதலைக் குறிக்கும் ‘ஓ’ என்ற வினையின் பழைய இறந்தகாலம்தான். செய்ய வேண்டியது என்பதும் கொடுக்க வேண்டியது என்பதும் எல்லா ஊரிலும் ஒட்டிப்பிறந்தவை போலிருக்கிறது. நம் கடமையும் கடன் என்ற சொல்லோடு சேர்ந்ததுதானே. சோழர் கல்வெட்டுகளில் கடமை என்றால் நிலத்துக்குக் கட்டும் வரி.

ஊகத்துக்கு வருவோம். அங்கேயும் மஸ்ட்டுக்கும் ஷுட்டுக்கும் போட்டி உண்டு. பக்கத்து வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது, வாசலில் வண்டி நிற்கிறது: ‘ஹி மஸ்ட் பி அட் ஹோம்.’ கண்ணால் பார்த்த தடயத்திலிருந்து முடிவுக்கு வருகிறேன். விளக்கு கண்ணில் படவில்லை, ஆனால் தினமும் ஏழு மணிக்கு வந்துவிடுவார், இப்போது ஏழரை: ‘ஹி ஷுட் பி அட் ஹோம்.’ இது வழக்கத்திலிருந்து வரும் எதிர்பார்ப்பு. சரக்கு எங்கே என்று பையர் கேட்கும்போது இந்த வித்தியாசம் கைகொடுக்கும். கப்பல் கம்பெனியின் தளத்தில் துறைமுகம் வந்ததாகப் பதிவு இருந்தால் மஸ்ட் எழுதலாம். வெறும் கால அட்டவணையை நம்பி எழுதினால் ஷுட்டோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். நாளைக்குத் தாமதமானால் வார்த்தையை விழுங்க வேண்டியிராது. வீட்டில் இல்லை என்று ஊகிக்கும்போது மட்டும் மஸ்ன்ட் உதவாது. ‘ஹி கான்ட் பி அட் ஹோம்’ என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். நாமும் ‘இருக்க முடியாதே’ என்கிறோம், இருக்கக் கூடாது என்பதில்லையே.

மஸ்ட் இனிக்கும் இடம்

இதுவரை மஸ்ட்டை வில்லன் மாதிரியே காட்டிவிட்டேன். அதுவே தேனாக மாறும் இடம் ஒன்று இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறீர்கள். ‘குடும்பத்தோட கண்டிப்பா வரணும்’ என்கிறீர்கள். அதை ஆங்கிலத்தில் ‘யூ ஷுட் கம்’ என்றால், வந்தால் நல்லதுதான் என்று பட்டும் படாமலும் சொன்னதாகிவிடும். ‘யூ மஸ்ட் கம்’ என்பதே சரியான உபசாரம். ‘யூ ஹேவ் டு கம்’ என்றும் நெருங்கியவர்கள் சொல்வதுண்டு. அதில் கொஞ்சம் சிணுங்கல் சேரும்.

லேப் டிப்புக்கு அறையாக விழுந்த அதே சொல் பந்தியில் மட்டும் எப்படி அன்பாகிறது? பலன் யாருக்கு என்று பாருங்கள். செய்வதால் சொல்கிறவருக்கு லாபம் என்றால் மஸ்ட் கட்டளை. கேட்கிறவருக்குச் சுகம் என்றால் மஸ்ட் உபசாரம். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பிரியம். ‘யூ மஸ்ட் ஹேவ் ஒன் மோர்’ என்று இலையில் இன்னொரு போளி விழும்போது யாரும் முகம் சுளித்ததாக எனக்கு நினைவில்லை. என் முதல் மெயிலை வாங்கிய பையர் பின்னாளில் ஊருக்கு வந்தபோது எங்கள் மேலாளரே அவரிடம் இந்த வாக்கியத்தைச் சொன்னார். நான் மேலாளர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காத மாதிரி சாம்பாரைப் பார்த்தார்.

விதி எழுதுகிறவர்கள்

மெயிலும் பேச்சும் ஒரு பக்கம். விதிமுறை, ஒப்பந்தம், கையேடு எழுதும்போது கணக்கு வேறு. அங்கே யாருக்கு வலிக்கும் என்பதை விட, நாளைக்கு இதை வைத்துச் சண்டை வந்தால் நிற்குமா என்பதுதான் கேள்வி.

கணினி உலகம் இதை அழகாகத் தீர்த்துவைத்தது. இணையத்தின் நெறிமுறைகளை எழுதுகிறவர்களுக்காக 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்.எஃப்.சி. 2119 என்ற சின்ன ஆவணம் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளை அடைத்துக் கட்டியது. மஸ்ட் என்றால் முழுக் கட்டாயம். ஷுட் என்றால் பரிந்துரை. தக்க காரணம் இருந்தால் மீறலாம், ஆனால் மீறினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு மீறு. மே என்றால் உன் விருப்பம். மஸ்ட்டைச் சிக்கனமாகவே கையாளுங்கள் என்றும் அதிலேயே அறிவுரை இருக்கிறது. அப்படியும் குழப்பம் தீராமல், பெரிய எழுத்தில் போட்டால்தான் இந்தப் பொருள், சின்ன எழுத்தில் வந்தால் சாதாரண ஆங்கிலம்தான் என்று 2017-இல் இன்னோர் ஆவணம் போட வேண்டியதாயிற்று. பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாத நம் மொழியில் இப்படி ஒரு தப்பிக்கும் வழியும் கிடையாது.

சட்டத்தில் இன்னொரு ஆள் குறுக்கே வருகிறார்: ஷல். ஐ.எஸ்.ஓ. தரநிலைகளில் கட்டாயம் என்றால் ஷல்தான். அதற்குப் பதிலாக மஸ்ட் போடாதே என்பது அவர்கள் எழுத்துவிதி. அமெரிக்க நீதிமன்றங்களோ எதிர்ப்பக்கம் போயின. கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கான உரிமையியல் நடைமுறை விதிகளைத் தெளிந்த நடையில் திருத்தி எழுதியபோது ஷல்லை நீக்கி, கட்டாயமான இடங்களில் மஸ்ட்டைப் போட்டார்கள். 2007 டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஷல் கட்டாயமா, எதிர்காலமா, வெறும் அலங்காரமா என்று வழக்கு வழக்காக வாதாடி அலுத்துப்போனதன் விளைவு. நம் அரசமைப்பு முழுக்க ஷல்தான். அங்கேயும் அது இரும்புச் சொல் இல்லை. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 320-ஆவது பிரிவில் ஷல் போட்டிருக்கிறது. கலந்துகொள்ளாததாலேயே நடவடிக்கை செல்லாமல் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில் சொல்லிவிட்டது. நீங்கள் ஹாஸ்டல் விதியோ, அப்பார்ட்மென்ட் சங்கத்தின் அறிவிப்போ ஆங்கிலத்தில் எழுதுகிறவர் என்றால் ஷல் பக்கமே போகாதீர்கள். கட்டாயத்துக்கு மஸ்ட், தடைக்கு மஸ்ட் நாட், அறிவுரைக்கு ஷுட் என்று வைத்துக்கொண்டால் போதும். அறிவிப்புப் பலகைக்குக் குரல் கிடையாது. அங்கே மஸ்ட் யாரையும் அறையாது.

எங்கள் தொழிலில் தலைவலி, பையர் அனுப்பும் பேக்கிங் கையேட்டில் வரும் ஷுட்தான். முப்பது நாற்பது பக்கம் இருக்கும், பல பேர் பல வருடமாக ஒட்டுப்போட்டது. ஒரு பக்கத்தில் ‘கார்ட்டன்ஸ் மஸ்ட் பி’ என்று இருக்கும், அடுத்த பக்கத்தில் ‘கார்ட்டன்ஸ் ஷுட் பி’. இரண்டாவது பரிந்துரை என்று எடுத்துக்கொண்டால் பெட்டிக்கு நாலு காசு மிச்சம். ஆனால் எழுதியவர் மனசில் வித்தியாசம் எதுவும் இருந்ததா, கை போன போக்கில் போட்டாரா? சொந்த மொழிக்காரர்களும் நம்மைப் போலவே அசட்டையாக எழுதுவார்கள் என்பது இந்த வேலையில் தெரிந்துகொண்டது. எனவே கையேட்டில் ஷுட்டைக் கண்டால் கட்டாயம் என்றே வைத்துச் செலவுக் கணக்குப் போடுவேன். தொகை பெரியதாக இருந்தால் மட்டும் கேட்டுவிடுவேன்.

போன சீசனில் அப்படித்தான் ஒரு பையரைக் கேட்டேன். பெட்டி ஐந்து அடுக்கு அட்டையில் இருக்க ஷுட் என்று போட்டிருக்கிறீர்கள், அது கட்டாயமா, பரிந்துரையா, தயவுசெய்து தெளிவுபடுத்துங்கள் என்று பணிவாக நாலு வரி. மறுநாள் பதில் வந்திருந்தது: ‘யெஸ், இட் ஷுட்.’

ஐந்து அடுக்கே ஆர்டர் போட்டோம்.